நூறு எம்பிபிஎஸ் இருந்தும் ஆட்டம் ஏன் இழுக்கிறது?

வீட்டில் ஃபைபர் இணைப்பு. ஸ்பீட் டெஸ்ட் போட்டால் நூறு எம்பிபிஎஸ் காட்டுகிறது. வீடியோ எதுவும் நிற்காமல் ஓடுகிறது. ஆனால் நாலு பேர் ஸ்குவாடாகச் சேர்ந்து போனில் ஆன்லைன் கேம் ஆட உட்கார்ந்தால் மட்டும், "ஏல, லேக் அடிக்குல, கொஞ்சம் பொறு" என்று மைக்கில் கத்த வேண்டியிருக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து பணகுடி வரைக்கும் பையன்களிடமும் பிள்ளைகளிடமும் கேட்டால் இதே புகார்தான். வீட்டில் பெரியவர்கள் மனமிரங்கி இன்னும் பெரிய பிளானுக்கு மாற்றித் தருகிறார்கள். மாதக் கட்டணம் கூடுகிறது, லேக் அப்படியே இருக்கிறது.

பிளானில் எழுதியிருக்கும் எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்), ஒரு நொடிக்குள் எவ்வளவு தரவு வந்து விழும் என்பதன் கணக்கு. ஆட்டத்துக்கு வேண்டியது வேறொரு கணக்கு: ஒரு சின்னத் தகவல் போய்ச் சேர்ந்து பதிலோடு திரும்ப எத்தனை நேரம் பிடிக்கிறது. இதைத்தான் ஆடுகிறவர்கள் பிங் என்கிறார்கள். மில்லி விநாடியில் சொல்வார்கள்; ஆயிரம் மில்லி விநாடி சேர்ந்தால் ஒரு நொடி. தாமிரபரணியில், பாபநாசத்தில் தண்ணீர் திறந்துவிட்டால் அது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு உடனே வந்துவிடாது. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது ஒன்று, திறந்த தண்ணீர் எப்போது வந்து சேரும் என்பது இன்னொன்று. எம்பிபிஎஸ் முதலாவது, பிங் இரண்டாவது.

ஆட்டத்துக்குத் தேவைப்படும் தரவு எவ்வளவு குறைவு என்று தெரிந்தால் ஆச்சரியமாக இருக்கும். நொடிக்கு 30 தகவல் பொட்டலங்கள் (பாக்கெட்), ஒவ்வொன்றும் 200 பைட் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 6,000 பைட். ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 22 எம்பி. மைக்கில் பேச்சும் சேர்ந்தால் இன்னும் கூடும். அப்படியும் தெளிவான வீடியோ ஒரு மணி நேரம் பார்ப்பதற்குப் பக்கத்தில் வராது. "கேம் ஆடியே டேட்டாவ தீத்துட்டான்" என்று பிள்ளையைத் திட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டேட்டாவைத் தின்பது பெரும்பாலும் ஜிபி கணக்கில் வரும் அப்டேட்டும், இடையிடையே பார்க்கும் வீடியோவும்தான்.

இனி, சுடும் பட்டனைத் தொட்டதும் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

உங்கள் கையில் இருக்கும் போனோ டேப்போ ஆட்டத்தை நடத்துவதில்லை. ஆட்டம் நடப்பது எங்கோ ஒரு ஊரில் இருக்கும் சர்வர் என்னும் கணினியில். யார் எங்கே நிற்கிறார், யாருக்கு எவ்வளவு உயிர் பாக்கி, குண்டு பட்டதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது அதுதான். தீர்ப்பை அவரவர் போனிடமே விட்டால், போனில் கை வைத்து ஏமாற்றுகிறவன்தான் எல்லா ஆட்டத்திலும் ஜெயிப்பான். அதனால் உங்கள் போன் செய்வது இரண்டு வேலை. நீங்கள் தொட்டதைச் சர்வருக்குச் சொல்கிறது. சர்வர் சொன்னதைப் படமாக வரைகிறது.

நீங்கள் தொட்ட தகவல் போனிலிருந்து ரூட்டருக்கோ டவருக்கோ காற்றில் போகிறது. அங்கிருந்து ஃபைபரில் ஏறி, இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் பெரிய மையங்கள் வழியாகச் சர்வர் இருக்கும் ஊருக்குப் போகிறது. சர்வர் அதைக் கணக்கில் எடுத்து, ஆட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் புது நிலவரத்தை அனுப்புகிறது. அது மறுபடி அதே தூரம் திரும்பி வருகிறது. இந்தப் பயணத்தில் ஒரு பகுதியை யாராலும் குறைக்க முடியாது. வெட்டவெளியில் ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும். ஃபைபர் கண்ணாடிக்குள் அது ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டராகக் குறைந்துவிடும். மனதில் வைத்துக்கொள்ள எளிய கணக்கு: ஒவ்வொரு 100 கிலோமீட்டர் தூரத்துக்கும், போய்வர ஒரு மில்லி விநாடி.

நம்மூர் திருநெல்வேலியிலிருந்து மும்பை நேர்கோட்டில் 1,270 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. கேபிள் நேர்கோட்டில் போகாது, ஊர் ஊராகச் சுற்றித்தான் போகும். 2,000 கிலோமீட்டர் என்று வைத்தால் 20 மில்லி விநாடி ஒளிக்கு மட்டுமே ஆகிவிடும். சிங்கப்பூர் சர்வர் என்றால் சென்னை வரை ஒரு 650, பிறகு கடலுக்கடியில். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்து 2002-இல் போடப்பட்ட ஐ2ஐ கேபிள் மட்டுமே 3,200 கிலோமீட்டர் நீளம். அப்படியானால் 40-ஐ ஒட்டி வந்துவிடும். ரூட்டர்களில் நிற்பது, சர்வர் கணக்குப் போடுவது எல்லாம் இதற்கு மேல். முன்பு இந்தியாவிலிருந்து ஆடிய பலருக்குச் சிங்கப்பூர்தான் பக்கத்துச் சர்வராக இருந்தது. அமேசான் 2016-லும் கூகுள் 2017-லும் மும்பையில் சர்வர்களை வாடகைக்குத் தரும் தங்கள் கிளவுட் மையங்களைத் திறந்தபின், ஆட்ட நிறுவனங்கள் இந்தியாவிலேயே சர்வர் வைப்பது எளிதானது.

மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் இந்தக் கணக்கு வீட்டு விஷயம். அண்ணன் துபாயில், தம்பி இங்கே. இருவரும் ஒரே ஸ்குவாடில் ஆடினால்தான் வாரத்தில் ஒருநாளாவது உட்கார்ந்து பேசிய மாதிரி இருக்கும். எந்தச் சர்வரில் ஆடுவது? துபாயிலிருந்து மும்பை நேர்கோட்டில் 1,930 கிலோமீட்டர். நமக்கும் மும்பைக்கும் கேபிள் வழியில் ஏறத்தாழ அதே அளவு. ஆக மும்பைச் சர்வரில் ஆடினால் தூரத்தின் சுமை இருவருக்கும் ஏறக்குறைய சமமாக விழும். வளைகுடாச் சர்வரில் ஆடினால் அண்ணனுக்குச் சொகுசு, தம்பிக்குத்தான் அவதி. பல ஆட்டங்களில், ஆடுமுன் ஸ்குவாட் கூடும் இடமான லாபியைத் திறக்கிறவருடைய பகுதியை வைத்தே சர்வர் முடிவாகிறது. அதனால் ஊரில் இருப்பவர் லாபி திறந்து, வெளிநாட்டில் இருப்பவரை உள்ளே அழைத்துப் பார்க்கலாம். இது எல்லா ஆட்டத்திலும் நடக்காது. சிலவற்றில் கணக்குத் தொடங்கிய நாட்டோடு சர்வரைக் கட்டிப்போட்டிருப்பார்கள். ஆனால் முயன்று பார்க்கக் காசு செலவில்லை.

பிங்கைப் பூஜ்யமாக்கித் தருவதாகச் சொல்லும் ஆப்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒளியைவிட வேகமாக எந்த ஆப்பும் தகவலைக் கொண்டுபோகாது. உங்கள் நிறுவனம் சுற்றுவழியில் அனுப்பிக்கொண்டிருந்தால் மட்டும், ஒரு விபிஎன் வேறு வழியில் திருப்பிவிட்டு ஓரளவு குறைக்கலாம். பெரும்பாலும் அது இன்னொரு நிறுத்தத்தைச் சேர்த்துப் பிங்கைக் கூட்டத்தான் செய்யும். போனில் இருக்கும் எல்லா அனுமதியையும் கேட்கிற இலவச பிங் ஆப்களைப் பிள்ளைகள் போனில் போட விடாதீர்கள்.

தூரம் போக மிச்சம் இருப்பதில் பெரும்பங்கு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நம்மால் கை வைக்க முடிகிற இடமும் அதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

திருநெல்வேலி டவுனிலும் கல்லிடைக்குறிச்சியிலும் பழைய வீடுகள் அகலம் குறைந்து நீளம் கூடியவை. முன்பக்கத் தார்சாவில் ரூட்டரை மாட்டிவிட்டு, இரண்டு மூன்று கனத்த சுவர் தாண்டி, புறவாசல் பக்கம் உட்கார்ந்து ஆடினால் எப்படி இருக்கும்? வைஃபையில் இரண்டு அலைவரிசை உண்டு. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி ஓரளவு போகும். ஆனால் ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் பக்கத்து வீட்டு ரூட்டரும் அதே இடத்தில்தான் இரைச்சல் போடும். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றே மூன்று: 1, 6, 11. மேலப்பாளையம் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் பத்து வீட்டு ரூட்டர் இந்த மூன்றுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். 5 ஜிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், நெரிசல் குறைவு, ஆனால் கனத்த சுவர் குறுக்கே வந்தால் சுருண்டுவிடும். ஆகவே ரூட்டர் இருக்கும் அறையிலேயே ஆடுவதென்றால் 5. மச்சில் ஆடுவதென்றால், மச்சுக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து இன்னொரு ரூட்டர் வைப்பது சாலச் சிறந்தது. பெரிய பிளானுக்கு மாதாமாதம் கட்டும் காசைவிட ஒரு தடவை கேபிளுக்குக் கொடுப்பது உருப்படியான செலவு.

இன்னொன்று வரிசையில் காத்திருப்பது. டேப்பில் சிம் இல்லை, அப்பா போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஆடுகிறீர்கள். அந்த நேரம் பார்த்து அப்பா போன் கல்யாண வீட்டுப் போட்டோக்களை பேக்கப் எடுக்கத் தொடங்குகிறது. மேலே ஏற்றும் வேகம் 5 எம்பிபிஎஸ் என்று வைப்போம். அரை எம்பி, அதாவது 4 மெகாபிட் அளவு போட்டோத் தரவு வரிசையில் முன்னால் நின்றாலே அது தீர 800 மில்லி விநாடி ஆகும். அதன் பின்னால் நிற்கும் உங்கள் குண்டு அதுவரை கிளம்பவே கிளம்பாது. வீட்டில் ஒருவர் வீடியோ அனுப்பத் தொடங்கியதும் பிங் நாற்பதிலிருந்து எண்ணூறுக்குத் தாவுவது இதனால்தான். பேக்கப்பை ராத்திரி, சார்ஜில் இருக்கும்போது மட்டும் என்று மாற்றி வைத்தால் பாதித் தொல்லை தீரும். சில ரூட்டர்களில் கியூஓஎஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் சின்னப் பொட்டலங்களை முன்னால் விடும்.

மொபைல் டேட்டாவில் ஆடுகிறவர்களுக்குச் சிக்கல் டவரில். ஒரு டவரின் கொள்ளளவை அங்கே இருக்கும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் பங்கு குறையும், உங்கள் முறை வரக் காத்திருக்கும் நேரம் கூடும். கரண்ட் போனால் வீட்டு ரூட்டர் எல்லாம் அணைந்து தெருவே டவருக்குத் தாவும். ரூட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்கி வைத்தவர்களுக்கு அந்த நேரத்தில் நிம்மதி. 5ஜி நன்றாகக் கிடைக்கும் இடத்தில் நல்லதுதான். ஆனால் சிக்னல் விளிம்பில் இருக்கும் ஊர்களில் போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவும்போது ஒவ்வொரு தாவலிலும் ஆட்டம் வெட்டும். அங்கே 4ஜி மட்டும் என்று பூட்டி வைத்து ஆடுவது மேல்.

இந்தத் தாவல்தான் உண்மையில் ஆட்டத்தைக் கெடுப்பது. பிங் எப்போதும் தொண்ணூறிலேயே இருந்தால் கை அதற்குப் பழகிவிடும். நாற்பது, இருநூறு, ஐம்பது, முந்நூறு என்று குதித்தால் எந்தக் கையும் பழகாது. இந்தக் குதிப்புக்கு ஜிட்டர் என்று பெயர். பொட்டலம் வழியிலேயே தொலைந்துபோவது பாக்கெட் லாஸ். கம்பம் கம்பமாகத் தொங்கும் ஃபைபர் வயர் எங்காவது இறுக்கமாக மடங்கியிருந்தால் அந்த மடிப்பில் ஒளி கசியும், பொட்டலம் தொலையும். ஆடிக்காற்று வீசும் நாளில் வள்ளியூர், பணகுடிப் பக்கம் வயர் ஊசலாடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லூடோ, கேரம், செஸ் மாதிரி முறை வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு இது எதுவும் பெரிதில்லை. முந்நூறு பிங்கிலும் தாயம் உருட்டலாம். நேரடியாக ஓடிச் சுடும் ஆட்டங்களுக்குத்தான் இந்தப் பாடெல்லாம். அவை தகவல் அனுப்பும் முறையிலேயே இது தெரியும். பணம் அனுப்புவது, இணையப் பக்கம் திறப்பது போன்றவை பெரும்பாலும் டிசிபி முறையில் நடக்கும். அதில் ஒரு பொட்டலம் தொலைந்தால் அதை மறுபடி வாங்கும் வரை பின்னால் வந்தவை எல்லாம் காத்து நிற்கும். ஓடிச் சுடும் ஆட்டங்கள் பெரும்பாலும் 1980-இல் வந்த யூடிபி முறையை எடுத்துக்கொள்கின்றன. தொலைந்தது தொலைந்ததுதான், அடுத்ததைப் பார். ஒரு நொடிக்கு முன்னால் எதிரி எங்கே நின்றான் என்ற செய்தி இப்போது எதற்கு?

இப்படி எவ்வளவு பாடுபட்டாலும் ஐம்பது அறுபது மில்லி விநாடி தாமதம் மிஞ்சும். அதை ஆட்டம் நம் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் விதம்தான் இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

முன்னால் நகரும் பட்டனை அழுத்தினால் உங்கள் ஆள் உடனே நகர்கிறான். சர்வரின் பதில் இன்னும் வரவில்லையே, எப்படி? சர்வர் சரி என்றுதான் சொல்லும் என்று யூகித்து, உங்கள் போனே முன்கூட்டி நகர்த்திவிடுகிறது. பதில் வந்ததும் ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் திருத்திக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருந்தவன் சட்டென்று நாலடி பின்னால் போய் நிற்பது அந்தத் திருத்தம்தான். இணையத்தில் ஓடிச் சுடும் ஆட்டத்துக்கு இந்த உத்தியைப் பரவலாக்கியது 1996-இல் வந்த குவேக்வேர்ல்டு. அதை எழுதியவர் ஜான் கார்மாக். அப்போது தொலைபேசி மோடத்தில் ஆடினார்கள், தாமதம் இப்போதையதைவிடப் பல மடங்கு.

மற்ற ஆட்டக்காரர்களை அப்படி யூகிக்க முடியாது; அவர்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதனால் போன் அவர்களைக் கொஞ்சம் பழைய நேரத்தில் காட்டுகிறது. வந்துசேர்ந்த இரண்டு நிலவரங்களுக்கு நடுவே சீராக நகர்த்திக் காட்டுகிறது. திரையில் நீங்கள் பார்க்கும் எதிரி, கண்ணிமைக்கும் நேரத்துக்கு முன்னால் அங்கே இருந்தவன். அப்படியானால் அவனைக் குறிபார்த்துச் சுட்டால் படக்கூடாதே? அங்கேதான் சர்வர் இன்னொரு வேலை செய்கிறது. உங்கள் குண்டு வந்ததும், நீங்கள் சுட்ட நொடியில் உங்கள் திரையில் எல்லோரும் எங்கே தெரிந்தார்களோ அந்த நிலைக்குக் காலத்தைப் பின்னால் சுருட்டி, பட்டதா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. ஆட்டங்கள் தயாரிக்கும் வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001-இல் இதை விளக்கமாக எழுதினார். ஓடிச் சுடும் ஆட்டங்கள் பலவற்றில் இது இன்று வழக்கம்.

"நான் செவத்துக்குப் பின்னால போயிட்டேன்ல, அப்பவும் சுட்டுட்டான், அவன் ஹேக்கரு" என்று கோபப்படுகிற இடம் இதுதான். எதிரி உங்களைச் சுட்டபோது அவன் திரையில் நீங்கள் இன்னும் வெளியேதான் நின்றீர்கள். அந்தச் செய்தி சர்வர் வழியாக உங்களுக்கு வந்து சேர 150 மில்லி விநாடி என்று வைத்தால், நொடிக்கு ஆறு மீட்டர் ஓடுகிறவர் அதற்குள் 90 சென்டிமீட்டர், அதாவது மூன்றடி போயிருப்பார். மூன்றடியில் சுவருக்குப் பின்னால் ஒளிந்துவிடலாம். அவன் ஏமாற்றவில்லை. சுட்டவன் பார்த்ததும் ஒளிந்தவர் பார்த்ததும் இரண்டுமே உண்மை. சர்வர் சுட்டவன் பக்கம் நின்றது. எதிரில் நேராக நிற்பவனைச் சுட்டும் படவே இல்லை என்றால் ஆட்டத்தை யாரும் தொடமாட்டார்கள் என்பதால் அப்படி வகுத்திருக்கிறார்கள். அது நியாயமான ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது.

எல்லா இழுவையும் நெட்டின் குற்றமில்லை. நொடிக்கு 60 படம் ஓட வேண்டுமானால் போன் ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லி விநாடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும். கத்திரி வெயிலில் கான்கிரீட் மச்சில் உட்கார்ந்து, சார்ஜும் போட்டுக்கொண்டு ஆடினால், போன் சூட்டைத் தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டேப் அளவில் பெரியது, சூடு பரவ இடம் உண்டு, அதனால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். திரையும் பெரியதால் தூரத்தில் நிற்பவன் நன்றாகத் தெரிவான். ஆனால் விலை குறைந்த டேப் பலவற்றில் சிப் பழையதாக இருக்கும்; திரை அளவை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். பிரித்தறிவது எளிது. திரை ஓரத்தில் பிங் பச்சையாக இருக்கும்போதே படம் வெட்டி வெட்டி ஓடினால் சிக்கல் போனில். கிராஃபிக்ஸைக் குறையுங்கள், கனத்த கவரைக் கழற்றுங்கள். படம் வழவழவென்று ஓடும்போதே ஆட்கள் இங்கிருந்து அங்கே தாவினால் சிக்கல் நெட்டில்.

நெட்டில் என்று தெரிந்தபின் எந்த இடத்தில் என்று பார்க்க வேண்டும். அதற்கு உதவுவது, 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் வேலை பார்த்த மைக் மூஸ் எழுதிய பிங் என்னும் சிறு நிரல்தான். ஆட்டத் திரையில் தெரியும் அந்த எண்ணுக்கு இதிலிருந்துதான் பெயர் வந்தது. வீட்டில் லேப்டாப் இருந்தால் அதிலேயே இருக்கிறது. போனுக்கும் எளிய பிங் கருவிகள் கிடைக்கும். முதலில் உங்கள் ரூட்டருக்கே பிங் அனுப்புங்கள். பெரும்பாலான வீடுகளில் அதன் முகவரி 192.168.1.1 அல்லது 192.168.0.1. அது சில மில்லி விநாடியில் திரும்ப வேண்டும். அங்கேயே எண் குதித்தால் குற்றம் வைஃபையில். ரூட்டரை நகர்த்துவதும் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதும் உங்கள் கையில். ரூட்டர் வரை சீராக இருந்து, கூகுளின் 8.8.8.8 மாதிரி வெளி முகவரிக்கு அனுப்பும்போது குதித்தால் அது இணைப்புக் கொடுத்தவர் பார்க்க வேண்டிய வேலை.

அவர்களிடம் "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். வருகிறவர் ஸ்பீட் டெஸ்ட் போட்டு, "நூறு வருது பாருங்க அண்ணாச்சி" என்று காட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் காட்டுவது பொய்யுமில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு நூறு பொட்டலம் அனுப்பினால் எத்தனை தொலைகிறது, பகலில் எத்தனை, பிங் எதிலிருந்து எதுவரை ஏறுகிறது என்று குறித்து வைத்துச் சொல்லுங்கள். பொட்டலம் தொலைகிறது என்றால் பவர் மீட்டரை வைத்து வீட்டுக்கு வரும் ஒளியின் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டு ஃபைபர் இணைப்புகளில் அது மைனஸ் 27 டிபிஎம்மைத் தாண்டி இறங்கினால் இணைப்பு தடுமாறும். அப்படி இறங்கியிருந்தால் கம்பத்துக்கும் வீட்டுக்கும் நடுவே எங்கோ வயர் மடங்கியிருக்கும் அல்லது ஜாயின்ட் சரியில்லாமல் இருக்கும். அதை மாற்றிக் கொடுக்க ஒரு மணி நேர வேலைதான்.